6 நிமிடத்துக்கு ஒரு கணக்கு! - உலகம் சுற்றும் வக்கீல் கம்பெனிகளின் கதை

லண்டன் மாநகரில் "சிட்டி" என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் ஒரு சதுர மைல்தான். ஆனால் உலகத்துப் பணத்தில் பெரும் பகுதி அந்த ஒரு சதுர மைலைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது!

பாங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், பங்குச் சந்தை எல்லாம் அங்கேதான். மாலை வந்ததும் குமாஸ்தாக்கள் வீட்டுக்குப் புறப்பட்டு விடுவார்கள். தெருக்கள் வெறிச்சோடிப் போகும்.

ஆனால் சில கட்டிடங்களில் மட்டும் நள்ளிரவிலும் விளக்கு எரியும்.

அங்கே என்ன நடக்கிறது? கொலை வழக்கா? சொத்துத் தகராறா?

இரண்டும் இல்லை. அவை வக்கீல் கம்பெனிகள்! ஒரு கம்பெனியில் ஆயிரக்கணக்கான வக்கீல்கள் வேலை பார்க்கிறார்கள். பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. அந்தக் கம்பெனிகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள்

வக்கீல் என்றதும் நம் கண் முன் நிற்பது கறுப்புக் கோட்டு. கோர்ட்டுக் கூண்டு. "கனம் நீதிபதி அவர்களே" என்ற குரல்.

இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை. கோர்ட்டில் வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரிடம் பேசி, யோசனை சொல்லி, பத்திரம் எழுதிக் கொடுப்பவர் சொலிசிட்டர்.

இந்தப் பெரிய கம்பெனிகள் எல்லாம் சொலிசிட்டர் கம்பெனிகள். இங்கே வேலை செய்கிறவர்களில் பலர் வருடக் கணக்கில் கோர்ட்டு வாசலை மிதிப்பதே இல்லை!

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்குகிறது. அதற்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். ஒரு பாங்கி பல கோடி கடன் கொடுக்கிறது. அதற்குப் பத்திரம் வேண்டும். இதுதான் அவர்களுடைய வேலை. வழக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, வழக்கே வராமல் பார்த்துக் கொள்வதற்குத்தான் இங்கே சம்பளம்.

இதில் பழம்பெரும் கம்பெனிகள் உண்டு. "பிரெஷ்பீல்ட்ஸ்" என்ற கம்பெனி 1743-ம் ஆண்டு முதல் இங்கிலாந்து பாங்கிக்கு வக்கீலாக இருந்து வருகிறது. "ஆலன் அண்ட் ஓவரி" 1930-ல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆலன்தான், 1936-ல் 8-ம் எட்வர்டு மன்னர் முடி துறந்தபோது அவருக்குச் சட்ட யோசனை சொன்னவர். அந்தக் கம்பெனி 2024-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடன் ஒன்றாக இணைந்துவிட்டது.

மாட்டு ரெயிலில் வந்த வாலிபர்

உலகம் முழுவதும் கிளை வைக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வந்தது?

அமெரிக்காவில் நியூமெக்சிகோ என்ற வறண்ட பிரதேசம். அங்கிருந்து ரசல் பேக்கர் என்ற வாலிபர் சட்டம் படிக்க சிகாகோவுக்குப் புறப்பட்டார். டிக்கெட் எடுத்து சொகுசாகப் போகவில்லை. கால்நடைகளை ஏற்றிச் செல்லும் ரெயிலில் வந்து சேர்ந்தார் என்று அவருடைய கம்பெனியின் வரலாறு சொல்கிறது.

1925-ல் படிப்பை முடித்து வக்கீல் ஆனார். "வியாபாரம் கடல் கடந்து போகிறது. வக்கீல் மட்டும் ஏன் உள்ளூரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்பதே அவரது எண்ணம்.

1949-ல் ஜான் மெக்கன்சி என்ற வக்கீலுடன் கூட்டுச் சேர்ந்தார். "பேக்கர் மெக்கன்சி" பிறந்தது. 1955-ல் தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுலா நாட்டின் தலைநகர் காரகசில் முதல் வெளிநாட்டுக் கிளை. இன்று 70 நகரங்களுக்கு மேல் கிளைகள்!

இங்கிலாந்தில் இப்படி வளருவதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஒரு கூட்டு வியாபாரத்தில் 20 பங்காளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பழைய சட்டம். 1967-ல்தான் சொலிசிட்டர்களுக்கு அந்தத் தடை நீங்கியது. அதன் பிறகு ஆலமரம்போல் வளர்ந்துவிட்டன.

ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு!

படித்து முடித்த இளைஞர் ஒருவர் இங்கே வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் இரண்டு வருடம் பயிற்சி. 6 மாதத்துக்கு ஒரு பிரிவு. முதலில் கம்பெனிச் சட்டம், பிறகு கடன் பத்திரம், அப்புறம் நிலம், வழக்கு என்று மாறி மாறிப் பழக வேண்டும். பெரிய வக்கீலின் அறையிலேயே சின்னவருக்கும் ஒரு மேஜை போடுவது இங்கிலாந்தின் பழைய வழக்கம். அவர் டெலிபோனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தொழில் படிய வேண்டும். நம் ஊரில் ஆசாரியின் பட்டறையில் பையன் வேலை கற்றுக் கொள்வதுபோலத்தான்!

பயிற்சி முடிந்தால் சம்பள வக்கீல். பல வருடம் உழைத்தால் பங்காளி. பங்காளி ஆனால் சம்பளம் இல்லை, லாபத்தில் பங்கு.

எல்லோரும் பங்காளி ஆக முடியுமா? முடியாது. "ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு" என்பது நியூயார்க்கில் இருந்து பரவிய கொள்கை. குறிப்பிட்ட வருடத்துக்குள் மேலே ஏறாதவர் வேறு வேலை பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

ஏழைகள் ஆபீசில் பிறந்த கடிகாரம்

இந்தக் கம்பெனிகளில் எஜமானர் யார் தெரியுமா? கடிகாரம்!

ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி 6 நிமிடம். கட்சிக்காரர் டெலிபோன் செய்தாரா? 6 நிமிடம். கடிதம் படித்தாயிற்றா? இன்னொரு 6 நிமிடம். நாள் முழுவதும் இப்படி எழுதி வைக்க வேண்டும். மணிக்கு 300 பவுண்டு கட்டணம் என்று வைத்துக் கொண்டால், ஒரு 6 நிமிடத்துக்கு 30 பவுண்டு. மாதக் கடைசியில் கட்சிக்காரருக்குப் பில் போகும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பேராசைக்காரர் அல்ல. ரெஜினால்டு ஹீபர் ஸ்மித் என்ற அமெரிக்க வக்கீல். 1914-ல் பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் சங்கத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. குவிந்து கிடந்த வழக்குகளோ ஏராளம். பணமோ கொஞ்சம். "ஒரு வழக்குக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது?" என்று தெரிந்தால்தான் இருக்கிற பணத்தில் நிறையப் பேருக்கு உதவ முடியும். அதற்காக நேரக் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

1919-ல் அவர் ஒரு பெரிய வக்கீல் கம்பெனியின் நிர்வாகி ஆனார். கணக்கு முறையும் கூடவே போயிற்று!

அப்போதும் அது செலவு தெரிந்து கொள்ளத்தான் பயன்பட்டது. வக்கீல் சங்கங்கள் "இந்தப் பத்திரத்துக்கு இவ்வளவு" என்று கட்டணப் பட்டியல் வைத்திருந்தன. 1975-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, "குறைந்தபட்சக் கட்டணம் என்று எல்லோரும் சேர்ந்து விலை வைப்பது சட்ட விரோதம்" என்று தீர்ப்புக் கூறியது. பட்டியல் போயிற்று. கடிகாரம் வந்து உட்கார்ந்தது.

ஏழைகளுக்காகத் தொடங்கிய கணக்கு, பணக்காரக் கம்பெனிகளுக்குப் பில் போடும் கருவியாக மாறிய கதை இதுதான்.

தூக்கத்துக்கு யார் பில் போடுவது?

இதனால் வந்த கஷ்டம் என்ன?

வருடத்துக்கு 2 ஆயிரம் மணி நேரம் பில் போட வேண்டும் என்று ஒரு கம்பெனி சொல்வதாக வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 48 வாரம், வாரம் 5 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 8 மணி 20 நிமிடம். "இது பெரிய விஷயமா?" என்று தோன்றும்.

ஆனால் சாப்பாடு, காப்பி, கூட்டம், புதுச் சட்டம் படிப்பது, இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பது, இதற்கெல்லாம் பில் கிடையாது. ஆகவே 8 மணி நேரம் கணக்கில் வர வேண்டுமானால், 11, 12 மணி நேரம் ஆபீசில் இருக்க வேண்டும்.

2002-ம் ஆண்டு ஒரு பெரிய சர்வதேச வக்கீல் கம்பெனியின் நியூயார்க் கிளையில் இருந்த இளம் வக்கீல்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். வருடத்துக்கு 2,420 மணி நேரம் என்ற இலக்கைக் கண்டித்தார்கள். இப்படி இலக்கு வைத்தால் வேலையை இழுத்தடிக்கவும், இல்லாத நேரத்தை எழுதவும் தூண்டுதல் ஏற்படும் என்று சுட்டிக் காட்டினார்கள். அந்தக் குறிப்பு வெளியே கசிந்து, உலகம் முழுவதும் வக்கீல்கள் அதைப் பற்றியே பேசினார்கள். கம்பெனி அந்த இலக்கைக் கைவிட்டது.

சம்பளம் கை நிறைய வருகிறது, உண்மைதான். ஆனால் குழந்தை தூங்கின பிறகு வீட்டுக்கு வந்து, அது எழுந்திருக்கும் முன்பு புறப்படுகிற தகப்பனுக்கும் தாய்க்கும் அந்தப் பணத்தால் எதை வாங்கிக் கொடுக்க முடியும்?

"பெண்ணும் ஒரு நபரா?"

இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் பெண்களுக்கு இடமே இல்லை.

1913-ல் சில பெண்கள் சொலிசிட்டர் பரீட்சை எழுத அனுமதி கேட்டார்கள். மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். "சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்களைக் குறிக்காது" என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது!

1919-ல் புதிய சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. 1922 டிசம்பரில் கேரி மாரிசன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிட்டர் ஆனார்.

பிரான்சு நாட்டுப் பெண்மணி கிறிஸ்டின் லகார்டே 1981-ல் பேக்கர் மெக்கன்சியின் பாரிஸ் கிளையில் சேர்ந்தார். 1999-ல் உலகக் கம்பெனி முழுவதற்கும் தலைவர் ஆனார். பின்னர் பிரான்சின் நிதி மந்திரி, சர்வதேச நிதி நிறுவனத்தின் தலைவி, 2019-ல் ஐரோப்பிய மத்திய பாங்கியின் தலைவி என்று உயர்ந்தார்.

1743-ல் இருந்து இங்கிலாந்து பாங்கிக்கு வக்கீலாக இருக்கிறது என்று சொன்னோமே, அந்தக் கம்பெனியின் தலைமைப் பதவிக்கு முதல் முறையாக ஒரு பெண் வந்தது 2021-ல்!

காலையில் வரும் கடிதம்

இனி, இந்தக் கம்பெனிகள் செய்யும் இன்னொரு வேலையைப் பார்ப்போம். அதற்கு அவர்கள் பில் போடுவதில்லை.

சட்டம் ஒரே இடத்தில் நிற்கிறதா? இல்லை. இங்கே ஒரு திருத்தம், அங்கே ஒரு புது விதி. ஐரோப்பிய யூனியனின் அதிகார பூர்வமான கெஜட்டு 24 மொழிகளில் வெளிவருகிறது. ஒரு சோப்புக் கம்பெனியோ, விமானக் கம்பெனியோ இதையெல்லாம் படித்துக் கொண்டிருக்க முடியுமா?

அதற்காக வக்கீல் கம்பெனிகளில் தனியாகச் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கு நடத்துவதில்லை. ஒப்பந்தம் எழுதுவதில்லை. படிப்பதே வேலை! புதுச் சட்டம், புதுத் தீர்ப்பு, சர்க்கார் அறிவிப்பு எல்லாவற்றையும் படித்து, சுருக்கமாக ஒரு கடிதம் தயாரிப்பார்கள். முன்பு தபாலில் போனது. இப்போது இ-மெயிலில் போகிறது.

கடிதத்தில் முக்கியமாக ஐந்து விஷயம் இருக்கும்: என்ன மாறியது? எந்தத் தேதியில் இருந்து? யாருக்கு? என்ன செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன அபராதம்?

கடைசியில் பொடி எழுத்தில், "இது பொதுத் தகவல்தான். உங்கள் விஷயத்துக்குத் தனியாக யோசனை கேளுங்கள்" என்று இருக்கும்.

இதை ஏன் இலவசமாகக் கொடுக்கிறார்கள்? தர்ம சிந்தனையா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்தப் பொடி எழுத்தில்தான் சூட்சுமம். கடிதத்தைப் படித்துப் பயந்த கட்சிக்காரர் மறுநாள் டெலிபோன் செய்வார். அந்த நிமிடம் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்!

28-வது நாளில் வந்த திருடன்

இந்தக் கடிதத்தால் உண்மையில் பயன் உண்டா? ஓர் உதாரணம்.

2016-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்தது. மக்களின் பெயர், விலாசம், பாங்கிக் கணக்கு முதலிய விவரங்களைக் கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மொத்தம் 99 பிரிவுகள். விவரம் திருடு போனது தெரிந்தால், பொதுவாக 72 மணி நேரத்துக்குள் சர்க்கார் அமைப்புக்குச் சொல்லிவிட வேண்டும். பெரிய குற்றங்களுக்கு அபராதம் 2 கோடி யூரோ வரை. அல்லது உலகம் முழுவதும் அந்தக் கம்பெனி செய்யும் வருட வியாபாரத்தில் நூற்றுக்கு 4 பங்கு வரை. இரண்டில் எது அதிகமோ அது!

2018-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி அமலுக்கு வரும் என்று இரண்டு வருடக் கெடு கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடமும் வக்கீல் கம்பெனிகள் ஓயாமல் கடிதம் எழுதின.

அந்தத் தேதி வந்தது. 28 நாள் சென்றது. ஜூன் 22-ந் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தார்கள். செப்டம்பர் வரை கம்பெனிக்குத் தெரியாது! 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் அந்தக் கம்பெனிக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதுபோன்ற சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

திருப்பூருக்கும் சம்பந்தம் உண்டு

"லண்டன் சட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

2015-ல் பிரிட்டன் ஒரு சட்டம் செய்தது. அங்கே வியாபாரம் செய்யும் கம்பெனியின் வருட வரவு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வருடா வருடம் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். தங்களுக்குச் சரக்கு வரும் இடங்களில் கொத்தடிமை வேலை நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று அதில் சொல்ல வேண்டும்.

லண்டன் கடையில் தொங்கும் பனியன் திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். அந்த நூலை நூற்றது கொங்கு நாட்டு மில்லாக இருக்கலாம். அங்கே ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுத்தான், கடை முதலாளி இங்கே ஆளை அனுப்பி, "ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள்? ஓவர்டைம் பணம் கொடுக்கிறீர்களா?" என்று விசாரிக்கச் சொல்கிறார்.

கடிதம் ஒழுங்காக எழுதப்பட்டால், அதை வாங்குகிறவரும் ஒழுங்காக நடந்தால், அதன் பலன் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண் வரைக்கும் வந்து சேரும்.

ஊருக்கு உபதேசம் செய்தவருக்கே...

கடிதம் எழுதுகிறவர்களுக்கும் சோதனை வந்தது உண்டு.

"டி.எல்.ஏ. பைப்பர்" என்பது மிகப் பெரிய வக்கீல் கம்பெனிகளில் ஒன்று. கம்ப்யூட்டர் திருட்டில் இருந்து தப்புவது எப்படி என்று கட்சிக்காரர்களுக்கு யோசனை சொல்லும் கம்பெனி.

2017 ஜூன் 27-ந் தேதி உக்ரைனில் கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர் நச்சு உலகம் முழுவதும் பரவியது. அந்தக் கம்பெனியும் சிக்கியது! வாஷிங்டன் ஆபீசு வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். "யாரும் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம்" என்று அதில் கையால் எழுதியிருந்தது. அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. இ-மெயில் இல்லை. டெலிபோனும் வேலை செய்யவில்லை.

உபதேசம் செய்கிறவர் வீட்டுக் கதவையும் பூட்டித்தான் ஆக வேண்டும் என்ற பாடம் அன்று எல்லா வக்கீல் கம்பெனிகளுக்கும் கிடைத்தது.

சென்னையில் நடந்த வழக்கு

இந்தக் கம்பெனிகள் இந்தியாவுக்கு வரலாமா?

சென்னை வக்கீல் ஒருவர் 2010-ல் இதை எதிர்த்து ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2018 மார்ச் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: "வெளிநாட்டு வக்கீல் இங்கே ஆபீசு திறந்து தொழில் நடத்தக் கூடாது. எப்போதாவது வந்து, தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி யோசனை சொல்லிவிட்டுப் போகலாம்."

2023-ல் இந்திய வக்கீல் கவுன்சில் புது விதிகள் செய்தது. பதிவு செய்து கொண்டு, கோர்ட்டுக்கு வெளியே உள்ள வேலைகளைச் செய்யலாம் என்றது. அவர்கள் நாட்டில் நம் வக்கீல்களுக்கும் அதே உரிமை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025-ல் அந்த விதிகள் திருத்தப்பட்டன. நம் கோர்ட்டுகளில் வாதாட மட்டும் அவர்களுக்கு இடம் இல்லை.

விளக்கு அணையும் நேரம்

லண்டனில் நள்ளிரவு வரை எரியும் விளக்குக்கு மறுபடியும் வருவோம்.

2018-ல் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. பார்க்லேஸ் பாங்கியும், பின்சென்ட் மேசன்ஸ், ஆடில்ஷா கோடார்டு என்ற இரண்டு வக்கீல் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு சாசனம் எழுதின. அவசரம் இல்லாத விஷயத்துக்கு நடு இரவில் இ-மெயில் அனுப்பக் கூடாது. லீவில் இருப்பவரை நிம்மதியாக விட வேண்டும். தேவை இல்லாமல் கெடு வைத்து விரட்டக் கூடாது என்பது அதன் கருத்து. பிறகு பல கம்பெனிகள் அதில் சேர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வக்கீல்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. வேலை கொடுக்கும் பாங்கியும் போட்டது! விரட்டுகிறவரும் ஒப்புக் கொண்டால்தானே ஓடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்?

தூக்கம் கெட்ட கண், கடிதத்தில் ஒரு தேதியைத் தப்பாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? மே 25 என்பது ஜூன் 25 ஆகிவிட்டால்? எங்கோ ஒரு கம்பெனி கெடுவைத் தவற விடும். அபராதம் கட்டும். அந்தச் சுமை கடைசியில் தொழிலாளி தலையிலோ, சாமான் வாங்குகிறவர் தலையிலோதான் விழும்.

ஆகவே அந்த இளம் வக்கீல் நேரத்தோடு வீட்டுக்குப் போவது அவருக்கு மட்டும் நல்லது அல்ல. அவர் எழுதும் கடிதத்தை நம்பி இருக்கும் எல்லோருக்கும் நல்லது.

நேரத்தை 6 நிமிடமாகப் பிரித்து விற்கலாம். ஆனால் மனிதனை அப்படிப் பிரிக்க முடியுமா?